எடைமேடைக் கம்ப்யூட்டரில் 445 திறந்திருக்கிறதா?

வணக்கம் மக்களே, கொழிஞ்சாம்பாறையிலிருந்து பேசுகிறேன். பின்னால் லாரிச் சத்தம் கேட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், பொள்ளாச்சி போகிற வண்டிகள்.

நம்ம பக்கம் எடைமேடைகளில் இன்னும் விண்டோஸ் எக்ஸ்பி ஓடுவதைப் பார்க்கிறேன். எடை மென்பொருள் புதிய விண்டோஸில் ஏறாது என்கிறார்கள். நியாயம்தான். ஆனால் அதே கம்ப்யூட்டர் 445-வது போர்ட்டை (நெட்வொர்க் வழியாக உள்ளே வருகிற வாசல் எண்) திறந்து வைத்து ஃபைல் ஷேரிங்கும் செய்கிறதே, அதுதான் கவலை. 2017 மே மாதம் வான்னாக்ரை என்கிற, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கிற புழு (தானாகவே பரவுகிற வைரஸ்) பரவியது அந்தப் போர்ட் வழியாகத்தான். பாலக்காடு ரயில்வே கோட்ட அலுவலகக் கம்ப்யூட்டர்களும் மாட்டின. பாஸ்வேர்டு தேவைப்படவில்லை, யாரும் எதையும் கிளிக் செய்யவும் வேண்டியதில்லை. வெளியிலிருந்து வந்த கட்டளையை அந்தப் பழைய ஃபைல் ஷேரிங் சர்வீஸே ஓட்டிவிட்டது.

அப்போது எக்ஸ்பிக்கும் சேர்த்து மைக்ரோசாஃப்ட் இந்த ஓட்டையை அடைக்கிற ஒரு பேட்ச் வெளியிட்டது. முதலில் அதைப் போடுங்கள். அப்புறம் எக்ஸ்பி ஃபயர்வாலில் எக்ஸெப்ஷன்ஸ் போய், ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்கை எடிட் செய்தால் ‘சேஞ்ச் ஸ்கோப்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அதில் பில் போடுகிற கம்ப்யூட்டரின் ஐபியை மட்டும் கொடுங்கள். எடைமேடைக்கு இன்டர்நெட்டே வேண்டாம், ரவுட்டரிலேயே அடைத்துவிடுங்கள்.

லினக்ஸ் வைத்திருப்பவர்களும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. 2011-ல் விஎஸ்எஃப்டிபிடி என்ற எஃப்டிபி சர்வரின் (ஃபைல் கொடுத்து வாங்குகிற மென்பொருள்) 2.3.4 பதிப்பு டவுன்லோடு ஃபைலில் யாரோ பின்வாசல் வைத்துவிட்டார்கள். யூசர்நேமில் ஒரு சிரிப்புக் குறி, அதாவது கோலனும் மூடும் அடைப்புக்குறியும் சேர்த்து அடித்தால் போதும், 6200-வது போர்ட்டில் ரூட் ஷெல், அதாவது முழு அதிகாரத்தோடு கட்டளை அடிக்கிற இடம், திறந்துவிடும்.

சரி, கண்டுபிடிப்பது எப்படி? தாக்குதலின் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். அந்த சர்வீஸ் வழக்கமாக என்ன வேலை செய்யும் என்று தெரிந்து வைத்துக்கொண்டு, அதற்கு மீறியதைத் தேடுங்கள். ஃபைல் கொடுத்து வாங்குகிற சர்வருக்கு ஷெல் எதற்கு? எந்த புரோகிராம் எதைத் தொடங்கியது என்று காட்டுகிற பிஎஸ்ட்ரீ கட்டளையை அடித்துப் பார்க்கும்போது எஃப்டிபி சர்வருக்குக் கீழே ஷெல் தொங்கினால், உள்ளே ஆள் வந்தாயிற்று. திறந்திருக்கிற போர்ட்களைக் காட்டும் நெட்ஸ்டாட் கட்டளையில் நீங்கள் திறக்காத போர்ட் தெரிந்தாலும் விடாதீர்கள். ஒரே கம்ப்யூட்டர் வரிசையாகப் பல ஐபிகளின் 445-ஐத் தட்டுவது ரவுட்டர் லாகில் (நடந்ததைக் குறித்து வைக்கிற பதிவில்) தெரிந்தால், புழு பரவத் தொடங்கிவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். லாகை அதே கம்ப்யூட்டரில் மட்டும் வைக்காதீர்கள். உள்ளே வந்தவன் அழித்துவிடுவான், வேறொரு மெஷினுக்கு அனுப்பி வையுங்கள்.

தூரத்திலிருந்து வேறு கம்ப்யூட்டருக்குள் நுழைய உதவுகிற டெல்நெட், ஆர்லாகின் எல்லாம் பாஸ்வேர்டை அப்படியே வெளிப்படையாக அனுப்புபவை. அதே வேலையை மறைகுறியாக்கிச் செய்கிற எஸ்எஸ்ஹெச் இருக்கும்போது அவற்றை நிறுத்தத் தயங்கவே வேண்டாம்.

சந்தேகம் வந்தால் உடனே நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள், மெமரியில் இருக்கிற தடயம் போய்விடும். நிறுவனமாக இருந்தால் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன்னுக்குச் சொல்ல வேண்டும் என்று 2022 ஏப்ரலில் உத்தரவே வந்திருக்கிறது. முதலாளி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், போனிலேயே சொல்லிவிட்டுப் புகாரை அனுப்புங்கள்.