வெற்றிடத்தில் நெளிந்த புழு

நேயர்களுக்கு வணக்கம். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்த எறும்பின் முகத்தைப் படத்தில் பார்த்து மிரண்டிருப்பீர்கள். அந்த எறும்பு செத்து வெகுநேரம் ஆகியிருக்கும். வழக்கமாக அதை மருந்தில் ஊறவைத்து, ஆல்கஹாலில் நீரை வெளியேற்றி, மேலே தங்கமும் பூசித்தான் படம் எடுப்பார்கள்.

ஏன் இவ்வளவு பாடு? 1931இல் பெர்லினில் எர்ன்ஸ்ட் ருஸ்காவும் மாக்ஸ் நோலும் இந்தக் கருவியின் முதல் வடிவத்தைச் செய்ததிலிருந்து இதே தொல்லைதான். ஒளிக்குப் பதிலாக எலெக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சித்தான் இது படம் எடுக்கும். காற்று இருந்தால் எலெக்ட்ரான்கள் முட்டிச் சிதறும். அதனால் உள்ளே வெற்றிடம் வேண்டும். வெற்றிடத்தில் ஈர உடம்பை வைத்தால் நீர் ஆவியாகி, வெயிலில் போட்ட வற்றல் மாதிரி சுருங்கிவிடும்.

ஜப்பானில் ஹமமட்சு மருத்துவப் பல்கலைக்கழகத்தின் தகாஹிகோ ஹரியாமா குழுவினர் பழ ஈயின் புழுக்களை உயிரோடு அப்படியே உள்ளே வைத்துப் பார்த்தார்கள். 2013இல் முடிவை வெளியிட்டார்கள். முதலில் வெற்றிடத்தில் மட்டும் ஒரு மணி நேரம் கிடந்த புழுக்கள் சுருங்கிச் செத்தன. அது எதிர்பார்த்ததுதான். ஆனால், வைத்த உடனே எலெக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சிய புழுக்கள் அந்த ஒரு மணி நேரமும் நெளிந்துகொண்டே இருந்தன! வெளியே எடுத்த பிறகு சில ஈயாகவும் வளர்ந்தன. கொல்லும் என்று பயந்த கற்றையே காப்பாற்றியிருக்கிறது.

எப்படி? புழுவின் தோலில் வழவழப்பாக ஒரு பசை உண்டு. கற்றை பட்டதும் அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, காய்ச்சிய பாலில் ஆடை படிவதுபோல் மெல்லிய சவ்வாகிவிட்டன. தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. ஆனாலும் உள்ளிருக்கும் நீரை வெளியே விடாது. இதற்கு 'நானோசூட்', அதாவது மிக மிக மெல்லிய சட்டை, என்று பெயர் வைத்தார்கள்.

சரி, அந்தப் பசை இல்லாத உயிர்களுக்கு? கொசுப் புழுவை ட்வீன் 20 என்ற திரவக் கரைசலில் நனைத்தார்கள். அழகுசாதனப் பொருட்களில் சேர்க்கிற சாதாரணச் சரக்குதான் அது. கொசுப் புழுவும் பிழைத்தது.

இந்தச் சட்டை வெளித்தோலைப் பார்க்கத்தான் உதவும். செல்லுக்குள் என்ன நடக்கிறது என்று நுணுக்கமாகப் பார்க்க வேண்டுமானால் கற்றை உடம்பை ஊடுருவிப் போக வேண்டும். அந்த அளவு கதிர்வீச்சைச் செல் தாங்காது. அதனால்தான் 2017இல் நோபல் பரிசு பெற்ற முறையில்கூட மாதிரியை நொடிக்கும் குறைவான நேரத்தில் உறையவைத்துவிட்டே பார்க்கிறார்கள்.