சந்தேகங்களுக்கு விளக்கம்: ஜப்பானில் செய்தால் அது நகலா?

வணக்கம். ஜார்ஜ் நகாஷிமா என்ற அமெரிக்க மரச்சாமான் கலைஞரின் நாற்காலிகளைப் பற்றிச் சென்ற முறை பேசினேன் அல்லவா, அதைக் கேட்ட நேயர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "அவருடைய பட்டறை அமெரிக்காவில், பென்சில்வேனியாவின் நியூ ஹோப்பில். அதே நாற்காலியை ஜப்பானின் தகமாட்சுவிலும் செய்கிறார்கள் என்றீர்கள். அப்படியானால் ஜப்பான் நாற்காலி நகல்தானே?"

நான்கு நாளாக இதே நினைப்புதான் எனக்கு. நகல் இல்லை. 1964இல் மசாயுகி நாகரே என்ற சிற்பியின் மூலம் நகாஷிமாவுக்குத் தகமாட்சு கைவினைஞர்களின் பழக்கம் ஏற்பட்டது. மிங்குரென் என்பது அவர்கள் கூட்டமைப்பின் பெயர். அதிலிருந்த சகுரா செய்சகுஷோ பட்டறை அவருடைய வடிவங்களைச் செய்யத் தொடங்கியது. 1968இல் டோக்கியோவில் கண்காட்சி. இன்றும் அங்கே செய்கிறார்கள்.

சரி, வரைபடம் கடல் கடந்து போவது பெரிய காரியமா? செய்கிற கையை நம்பி ஒப்படைப்பதுதான் பெரிய காரியம். முன்பே சொன்னதுதான், திரும்பவும் சொல்கிறேன்: எளிமையான நாற்காலியில் தப்பை ஒளித்துவைக்க இடம் கிடையாது. சித்திர வேலை நிறைந்த நாற்காலியில் மூட்டு கொஞ்சம் பிசகினாலும் ஒரு கொடியோ பூவோ அதை மறைத்துவிடும்.

நகாஷிமா வடிவமைத்த கொனாய்டு என்ற நாற்காலிக்கு இரண்டே கால். அவை பின்பக்கம் நிற்கின்றன. தரையில் படுவது நீளவாக்கில் கிடக்கும் இரண்டு கட்டைகள். இருக்கை முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும்; அடியில் ஒன்றும் இருக்காது. எங்கள் ஊர் ஆசாரி ஒருவரிடம் படத்தைக் காட்டினேன். "முன்னங்கால் எங்கே தம்பி?" என்றார். அப்புறம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "ஆள் பாரம் மொத்தமும் இந்த ஒரு இடத்துலதான் இறங்குது. கழுந்து எவ்வளவு ஆழம்?" ஒரு மரத்தின் துளைக்குள் செருகும் இன்னொரு மரத்தின் முனைதான் கழுந்து. எந்த நாடு, யார் வரைந்தது என்று அவர் கேட்கவே இல்லை. தகமாட்சு தச்சர் இழைப்புளியைத் தன் பக்கம் இழுப்பார், இவர் தள்ளுவார். ஆனாலும் இருவர் கண்ணும் போகிற இடம் காலும் இருக்கையும் சேரும் அந்த மூட்டுதான்.

இன்னொரு கேள்வியையும் யாராவது கேட்க மாட்டார்களா என்று எனக்கு ஆசை: நகாஷிமாவுக்கு மரவேலை கற்றுக்கொடுத்தது யார்? அவர் படித்தது கட்டடக்கலை. 1937 வாக்கில் புதுச்சேரிக்கு வந்து அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியின் கட்டுமானத்தைக் கவனித்துக்கொண்டார். அங்கே தேக்குச் சாமான்களும் வடிவமைத்தார். ஆனால் உளி பிடிக்கும் நுணுக்கம் வந்தது 1942இல். போர்க்காலத்தில் ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்கா முகாம்களில் அடைத்தது. ஐடஹோவின் மினிடோகா முகாமுக்கு மனைவியோடும் கைக்குழந்தையோடும் போனார் நகாஷிமா. ஜப்பானிய முறையில் தேர்ந்த கெந்தாரோ ஹிகோகாவா என்ற தச்சரும் அங்கே அடைபட்டிருந்தார். கற்றுக்கொடுத்தது அவர்தான். நல்ல மரம் கிடையாது. கழிவுப் பலகையையும், பாலைநிலத்துப் புதர்க் கட்டையையும் வைத்துக்கொண்டுதான் இருவரும் வேலை செய்தார்கள்.