எதிர்க்கடைக்காரரிடம் கரண்ட் பில்லைக் காட்டலாமா?

நேயர்களுக்கு வணக்கம்.

நம் நகரத்தார் பர்மாவில் லேவாதேவி செய்த காலத்தில், மாதம் ஒருமுறை இரங்கூன் முகல் தெருவில் இருந்த கோயிலில் கூடுவார்கள். சாமி கும்பிட்ட கையோடு, அந்த மாதத்து நடப்பு வட்டி என்ன என்று பேசி முடிவு செய்வார்கள். வெளியே போனால் ஒருவருக்கொருவர் போட்டிதான். ஆனாலும் அந்த ஒரு விஷயத்தில் ஒரே பேச்சு.

இன்றைக்கு ஒரு வணிகர் சங்கம் அப்படிச் செய்தால் வம்பு. போட்டியாளர்கள் கூடி விலை பேசிவைத்துக்கொள்வதை 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் தடுக்கிறது. மின்சாரம், தண்ணீர், கழிவு பற்றிக் கூடிப் பேச அப்படி எந்தத் தடையும் இல்லை. பேசுகிறோமா என்பதுதான் கேள்வி. காரைக்குடிப் பக்கத்து ஆலைகளிலும் கடைகளிலும் மின் சிக்கனத் தணிக்கை செய்கிறவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நம் ஊர்ச் சங்கங்களுக்கு ஆண்டு விழா உண்டு, பொன்னாடை உண்டு, காலண்டர் உண்டு. சுற்றுச்சூழல் என்றால் ஜூன் 5-ஆம் தேதி நாலு மரக்கன்று நட்டு ஒரு போட்டோ. மரம் நடுவதில் தப்பே இல்லை. அதை யாரும் தன் வீட்டு வாசலிலேயே செய்யலாம். ஒரு கடைக்காரர் தனியாகச் செய்ய முடியாதது எதுவோ அதற்குத்தான் சங்கம் வேண்டும்.

பலகாரக்காரர்களை எடுத்துக்கொள்வோம். முறுக்கு, சீப்புச்சீடை, மணகோலம், அதிரசம் எல்லாமே எண்ணெய்ச் சட்டியில் இறங்கி எழுகிறவை. ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அது சிதைந்து, போலார் சேர்மங்கள் என்ற கழிவுப் பொருள்கள் அதில் கூடிக்கொண்டே போகும். அது 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயில் சமைக்கக் கூடாது என்று 2018 ஜூலையிலிருந்து விதி இருக்கிறது. சரி, மிஞ்சின எண்ணெயை என்ன செய்வது? சாக்கடையில் ஊற்றினால் அடைத்துக்கொள்ளும். மலிவாகக் கேட்கிற யாருக்காவது கொடுத்தால், அது சுற்றிக்கொண்டு வேறொருவர் வயிற்றுக்குத்தான் போகும். பயோடீசல் செய்ய அதை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2018 ஆகஸ்டில் அதற்கென்று ரூக்கோ என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஆனால் பத்து லிட்டருக்காக வெளியூரிலிருந்து வேன் வருமா? வராது. இருபது கடை எண்ணெய் ஓரிடத்தில் பேரலில் சேர்ந்தால் வரும், விலையும் பேசலாம்.

அதற்கு வேண்டியது பூட்டுப் போட்ட ஓர் அறை, அளந்து எழுத ஒரு நோட்டு, எண்ணெயைச் சோதிக்கக் கையில் பிடிக்கிற மீட்டர் ஒன்று. அந்த மீட்டரை ஒரு சின்னக் கடை மட்டும் வாங்குவது தண்டம். சங்கம் ஒன்றை வாங்கி வாரம் ஒருநாள் கடை கடையாக அனுப்பினால் கட்டுபடியாகும். இதில் மேடையும் மாலையும் இல்லை. அதனால்தான் பல சங்கங்கள் இந்தப் பக்கம் வருவதில்லையோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

எண்ணெயாவது பரவாயில்லை. கரண்ட் பில்தான் சிக்கல். ஓர் அரிசி ஆலைக்குத் தணிக்கைக்குப் போனால், முதலாளி முதலில் கேட்பது, “பக்கத்து ஆலையில அவுக எவ்வளவு கட்டுறாக?” என்றுதான். தன் பில்லை மட்டும் பக்கத்து ஆலைக்குக் காட்ட மாட்டார். நியாயம்தான், பில்லைப் பார்த்தால் எவ்வளவு அரைக்கிறார் என்று தெரிந்துவிடும்.

இங்கே சங்கம் செய்யக்கூடிய எளிய காரியம் ஒன்று இருக்கிறது. ஒவ்வோர் ஆலையிடமும் இரண்டே எண்களை வாங்குவது: மாதம் எத்தனை யூனிட் ஓடியது, எத்தனை குவிண்டால் அரைத்தது. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் குவிண்டாலுக்கு இத்தனை யூனிட் என்று வரும். பெயரை எடுத்துவிட்டு, எண் போட்டு வரிசையாக எல்லோருக்கும் அனுப்ப வேண்டும். தன் எண் எது என்று அவரவருக்கு மட்டும் தெரியும். குவிண்டாலுக்கு அதிக யூனிட் செலவாகி வரிசையின் கடைசியில் இருக்கிறவரை யாரும் குறை சொல்ல வேண்டாம், அவரே தணிக்கைக்கு ஆள் கூப்பிடுவார்.

வந்து பார்த்தால் பெரும்பாலும் பழைய கதைதான். பலமுறை ரீவைண்டிங் செய்த மோட்டார், தேவைக்கு மேல் பெரிய மோட்டார், தொங்கிப்போன பெல்ட், செத்துப்போன கெப்பாசிட்டர். தணிக்கைக்கான செலவைப் பத்துப் பேர் பகிர்ந்தால் யாருக்கும் வலிக்காது. ஒரு நிபந்தனை. அந்தக் கணக்கை வைத்திருப்பவர் சங்கத்தின் சம்பள ஊழியராகவோ வெளி ஆளாகவோ இருக்க வேண்டும். செயலாளரே ஓர் ஆலை வைத்திருந்தால், இரண்டாவது மாதம் யாரும் எண் தர மாட்டார்கள்.

சேர்ந்து செய்வதன் பெரிய உதாரணம் திருப்பூர். சாயக்கழிவு நொய்யலில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீர் பயிருக்கே ஆகாமல் போனது. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். கழிவு ஒரு துளியும் வெளியேறாதபடி செய்யாத பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. தண்ணீரை வடிகட்டும் ஆர்.ஓ., அதன் பின் ஆவியாக்கி உப்பைப் பிரிக்கும் இயந்திரம் என்று அது ஒரு பட்டறை தாங்குகிற செலவு இல்லை. பட்டறைகள் சேர்ந்து நடத்தும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள்தான் அந்தச் சுமையை ஏற்றன. தண்ணீரும் உப்பும் திரும்பச் சாயப்பட்டறைக்கே போகின்றன. நல்ல ஏற்பாடு, ஆனால் பூட்டு விழுந்த பிறகுதான் வேகம் பிடித்தது.

தரையில் பதிக்கிற நம் ஆத்தங்குடி கல்லுக்கு அப்படி ஒரு நெருக்கடி இல்லை. கண்ணாடியின் மேல் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து எடுப்பது, சூளையே கிடையாது. கடையில் கிடைக்கிற செராமிக் டைலுக்கு ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அதற்காக நம் கல் மாசே இல்லாதது என்று சொல்லிவிட முடியாது. அதில் சிமென்ட் இருக்கிறது. உலகம் வெளிவிடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய 7, 8 சதவீதம் சிமென்ட் தயாரிப்பிலிருந்து வருவது. ஒரு சதுர அடிக்கு எவ்வளவு சிமென்ட், எவ்வளவு தண்ணீர், ஊறவைத்த தண்ணீர் மறுபடி பயன்படுகிறதா என்று அளந்து ஓர் அறிக்கை இருந்தால், பெரிய கட்டடக் கலைஞரிடம் தைரியமாக நீட்டலாம். வீட்டுக் கொல்லையில் பட்டறை வைத்திருப்பவர் அதற்கு எங்கே போவார்? எல்லாப் பட்டறைக்குமாகச் சேர்த்து ஒரே அறிக்கை தயாரிக்கச் சங்கத்தால் முடியும்.

இந்தக் காகித வேலை இனி கூடத்தான் செய்யும். பங்குச் சந்தையில் பட்டியலிட்ட முதல் ஆயிரம் நிறுவனங்கள் தங்கள் சுற்றுச்சூழல் பொறுப்பு பற்றி ஆண்டறிக்கையில் எழுத வேண்டும் என்பதை, அந்தச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2022-23 நிதியாண்டிலிருந்து கட்டாயமாக்கிவிட்டது. அவர்கள் அந்தக் கேள்விகளைச் சரக்கு தருகிற சின்னக் கம்பெனிக்குத் தள்ளுகிறார்கள். ஒரே மாதிரிக் கேள்விக்கு ஐம்பது பேர் தனித்தனியாகத் திண்டாடுவதைவிட, சங்க அலுவலகத்தில் விவரம் தெரிந்த ஒருவரை வைத்துக்கொள்வது மேல். குறையில்லாத பொருளை, சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் தயாரிப்பவர்களுக்கு மத்திய அரசு தரும் ஜெட் (ZED) சான்றிதழுக்கும் அப்படியே. அதன் கட்டணத்தில் குறு நிறுவனத்துக்கு 80 சதவீதம், சிறு நிறுவனத்துக்கு 60 சதவீதம் மானியம் என்று 2022-இல் அறிவித்தார்கள். விண்ணப்பம் போட ஆள் இல்லாமல்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

இதற்கெல்லாம் பணம்? எல்லோருக்கும் ஒரே சந்தா என்றால், பெரிய ஆலையும் கொல்லைப் பட்டறையும் ஒன்றாகிவிடும். நம் வியாபாரிகளுக்கு மகமை புதிதல்ல. மூட்டைக்கு இவ்வளவு என்று ஒதுக்கிக் கோயிலுக்கும் தர்மத்துக்கும் கொடுத்துப் பழகியவர்கள்தான். அதே மாதிரி, மிச்சமான கரண்ட் பில்லில் இத்தனை பைசா, விற்ற பழைய எண்ணெயில் லிட்டருக்கு இவ்வளவு என்று சங்கத்துக்கு வைக்கலாம். மிச்சம் வந்த பிறகு கொடுப்பது என்பதால் முணுமுணுப்பும் குறையும்.

அடுத்த பொதுக்குழுவுக்குப் போகிறவர்கள், போன பன்னிரண்டு மாத கரண்ட் பில்லை எடுத்துக்கொண்டு போங்கள். பெயரை மறைத்து வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்று சொன்னால், அதையே அன்றைய முதல் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். வணக்கம்.