ஒரே பட்டியில் இரண்டு இனம்

நேயர்களுக்கு வணக்கம். செம்மறியையும் வெள்ளாட்டையும் ஒரே பட்டியில் அடைக்கிறோம். தீனியும் மருந்தும் இரண்டுக்கும் ஒன்றாகவே கொடுத்துவிடுகிறோம். பல பட்டிகளில் இழப்பு தொடங்குவது இங்கேதான்.

தொலைவில் நிற்கும்போதே வாலைப் பாருங்கள். நிமிர்ந்திருந்தால் பெரும்பாலும் வெள்ளாடு, தொங்கினால் செம்மறி. உள்ளே வேறுபாடு இன்னும் ஆழமானது. பரம்பரைப் பண்புகளைச் சுமக்கும் குரோமோசோம் வெள்ளாட்டுக்கு 60, செம்மறிக்கு 54. வெள்ளாட்டின் மூதாதை மேற்கு ஆசிய மலைகளின் பெசோவர் காட்டாடு. பாறைகளில் ஏறி, செடிகொடிகளின் தழையைக் கடித்துப் பிழைத்த இனம் அது. செம்மறியின் மூதாதையான மூஃப்ளான் என்ற காட்டுச் செம்மறி புல்லை அதிகம் மேய்ந்தது. வெள்ளாடு எதையும் தின்னும் என்பார்கள், அது தவறு. உதட்டால் துழாவி, பிடித்த கொழுந்தை மட்டும் பொறுக்கும் விலங்கு அது.

குடற்புழுத் தொல்லைக்கும் இதுவே காரணம். புழுக்குஞ்சுகள் பெரும்பாலும் புல்லின் அடிப்பகுதியில், தரையிலிருந்து ஐந்து சென்டிமீட்டருக்குள் இருக்கும். தலைக்கு மேலே தழை கடித்த வெள்ளாட்டினம் அவற்றை அதிகம் சந்திக்கவில்லை; எதிர்ப்புச் சக்தியும் குறைவாகவே அமைந்தது. அதைக் கட்டைப் புல்லில் விட்டால் இரத்தம் உறிஞ்சும் இரைப்பைப் புழு சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். ஒரு புழு நாளொன்றுக்குச் சுமார் 0.05 மில்லி இரத்தத்தை இழக்கச் செய்யும். ஆயிரம் புழு இருந்தால் 50 மில்லி! கீழ் இமையைப் பிதுக்கிப் பாருங்கள். உள்பக்கம் சிவப்பாக இருந்தால் நல்லது, வெளுத்திருந்தால் இரத்தசோகை. தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கினால் நிலைமை முற்றிவிட்டது.

குடற்புழு மருந்தை வெள்ளாட்டின் உடல் விரைவாக வெளியேற்றிவிடும். செம்மறிக்குப் போதுமான அளவு வெள்ளாட்டுக்குப் போதாது. குறைந்த அளவில் பிழைக்கும் புழுக்கள்தாம் மருந்துக்கு அடங்காத தலைமுறையை உண்டாக்கும். அல்பெண்டசோல் போன்ற புழு மருந்துகளில் மருத்துவர்கள் பொதுவாக வெள்ளாட்டுக்குச் செம்மறி அளவைப்போல் இருமடங்கு சொல்வார்கள். லெவாமிசோல் என்ற இன்னொரு புழு மருந்தில் அப்படிக் கூட்டக்கூடாது. அதில் பாதுகாப்பான அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறுகியது. எனவே எடை போட்டு, மருத்துவரிடம் அளவு கேளுங்கள். நாக்கின் பின்புறம் மெதுவாக ஊற்றுங்கள். சினையின் முதல் மாதத்தில் அல்பெண்டசோல் வேண்டவே வேண்டாம்.

தாது உப்பில் கதை தலைகீழ். வெள்ளாட்டுக்குத் தேவையான தாமிரம் செம்மறியைக் கொன்றுவிடும். செம்மறியின் ஈரல் தாமிரத்தை எளிதில் வெளியேற்றாது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் சேர்த்துக்கொண்டே போகும். வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. ஒரு நாள் நெடுந்தூரப் பயணமோ பட்டினியோ வந்தால், சேர்ந்ததெல்லாம் இரத்தத்தில் கொட்டி, சிவப்பணுக்கள் உடையும். சிறுநீர் கருஞ்சிவப்பாகும், கண் மஞ்சளாகும், ஓரிரு நாளில் ஆடு விழுந்துவிடும். கோழித் தீவனம், பன்றித் தீவனம், மாட்டுத் தாது உப்பு எதையும் செம்மறிக்கு வைக்காதீர்கள்.

அதற்காக எல்லாவற்றுக்கும் செம்மறிக் கலவையே வைப்பதும் சரியல்ல. தாமிரம் குறைந்தால் வெள்ளாட்டின் ரோமம் நிறம் மங்கும், குட்டிகள் பின்னங்கால் தள்ளாடிப் பிறக்கும். ஆனால் பால்குடி மறக்காத குட்டிகளுக்குத் தாமிரம் அதிகமானாலும் ஆபத்து. சேர்த்து மேய்த்தாலும் பரவாயில்லை. மாலையில் தீவனத் தொட்டியை மட்டும் தடுப்பு வைத்துப் பிரித்துவிடுங்கள். வெள்ளாடு ஏறிக் குதிக்கும் என்பதால் தடுப்பு நல்ல உயரமாக இருக்கட்டும். வணக்கம்.