பரலோகப் பலனும் பக்கத்து வயலும்

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

காலபோக நெல் அறுவடை, அதுதான் அருவி வெட்டு, முடிகிற நேரம் இது. வீதியோரம் படங்கு விரித்து நெல் காயப்போட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வீடு கணக்குப் பேச்சுத்தான்: ஏக்கருக்கு எத்தனை மூடை, உரக்கடைக்கு எவ்வளவு, வெட்டு மெஷினுக்கு எவ்வளவு, அடகு நகையை மீட்க மிச்சம் வருமா. இதே கணக்குப் புத்தியோடுதான் கடவுளிடமும் போய் நிற்கிறோம். “இத்தனை வருடம் கோயிலுக்குப் போனேன், இன்னும் எவ்வளவு செய்தால் மோட்சம் கிடைக்கும்?” என்று செத்தவீடுகளில் கேட்கிறவர்கள் உண்டு.

பவுல் எபேசியருக்கு எழுதிய கடிதம் இதற்கு நேரே பதில் சொல்கிறது: “கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்.” அது தேவனுடைய ஈவு, அதில் யாரும் பெருமையடிக்க இடமில்லை என்கிறார். 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் திருச்சபை பிளந்தபோது பெரிய சண்டையே இதைப் பற்றித்தான். 1999 ஒக்டோபர் 31ஆம் திகதி, ஜெர்மனியின் ஔக்ஸ்பேர்க் நகரில், கத்தோலிக்கத் திருச்சபையும், அன்று பிரிந்துபோன லூத்தரன் சபைகளின் உலக சம்மேளனமும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. எங்கள் தகுதியைப் பார்த்தல்ல, கிருபையினாலேயே கடவுள் எங்களை ஏற்றுக்கொள்கிறார் என்பது அதன் சாரம். 2006இல் மெதடிஸ்த சபைகளும் அதை ஏற்றுக்கொண்டன. ஒரே ஒழுங்கையில் மாதா கோயிலும் சபைக் கொட்டிலும் இருக்கிற எங்கள் ஊர்களில் இந்தச் செய்தி இன்னும் சரியாக வந்து சேரவில்லை என்பது என் குறை.

சரி, இலவசமாகக் கிடைத்தது என்பதற்காக எப்படியும் வாழலாமா?

சகேயுவைப் பாருங்கள். எரிகோவில் வரி வசூலிப்பவர்களுக்குத் தலைவன், பணக்காரன், ஊருக்கே பிடிக்காத ஆள். இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறியிருந்தான். அவன் ஒரு சதமும் திருப்பிக் கொடுக்க முன்னமே, “இறங்கி வா, இன்றைக்கு உன் வீட்டில் தங்கவேண்டும்” என்று இயேசு சொல்லிவிட்டார். பிறகுதான் அவன் எழுந்து நின்று, சொத்தில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியதற்கு நாலு மடங்கு என்கிறான். யாரும் அவனிடம் கேட்கவில்லை. விருந்தாளி வந்த சந்தோஷத்தில் கை தானாக மடியை அவிழ்க்கிறது.

பரிசுத்தம் என்றவுடன் எங்களுக்குப் படம் பார்க்காதது, குடிக்காதது, வெள்ளை உடுப்பு இவைதான் ஞாபகம் வரும். அவை இருக்கட்டும். போகத்துக்குப் போகம் மண்வெட்டியால் பக்கத்து வயல் வரம்பைச் சாடையாகச் செதுக்குகிற கையைப் பற்றி யார் பேசுவது? இரணைமடுக் குளத்துத் தண்ணீர் வாய்க்காலில் வரும்போது, முறை இல்லாத இரவில் தன் வயலுக்குத் திருப்பிவிட்டு, விடிய எழும்பி ஆராதனைக்குப் போனால் அது எந்த வகைப் பரிசுத்தம்? கடைசி வயல்காரனின் பயிர் வாடிப்போய் நிற்குமே. புதிய ஏற்பாட்டில் கடிதம் எழுதிய யாக்கோபு இன்னும் கடுமை. வயலை அறுத்தவர்களின் பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகிறது, அந்தச் சத்தம் கடவுளின் காதுக்குப் போய்விட்டது என்று எழுதுகிறார்.

பரலோகப் பலன் என்று ஒன்று உண்டா? உண்டு. ஒரு கோப்பை குளிர்ந்த தண்ணீர் கொடுத்தவனும் தன் பலனை இழக்கமாட்டான் என்று இயேசுவே சொன்னார். கொரிந்தியருக்குப் பவுல் எழுதும்போது, கிறிஸ்து என்ற அத்திவாரத்தின் மேல் சிலர் பொன்னால் கட்டுகிறார்கள், சிலர் மரத்தாலும் வைக்கோலாலும் கட்டுகிறார்கள், நெருப்பு எல்லாவற்றையும் சோதிக்கும் என்கிறார். கட்டியது வெந்துபோனால் அவனுக்கு நட்டம். ஆனாலும் அவன் தப்புவான், நெருப்புக்குள்ளால் வந்தவனைப் போல. கூரைத் தகரத்தையும் கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றி, கடைசியில் அதையும் விட்டுவிட்டு உடுத்த உடுப்போடு 2009இல் யுத்தத்தின் கடைசியில் வந்து சேர்ந்த சனத்துக்கு இந்த வசனத்துக்கு விளக்கம் தேவையில்லை. உயிர் தப்பியது எவ்வளவு பெரியது என்றும் தெரியும், வெறுங்கையோடு நிற்பது என்னவென்றும் தெரியும்.

ஒரு விஷயம் எனக்குக் கோபம் வரப்பண்ணும். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுத் தாய்மார் தொடர் போராட்டத்தில் அமர்ந்தார்கள். அப்படியான ஒரு தாயிடம், “கவலைப்படாதேங்கோ அம்மா, பரலோகத்தில் எல்லாம் கிடைக்கும்” என்று சொல்லிவிட்டு எழும்பிப் போகிற விசுவாசிகள் இருக்கிறார்கள். பரலோகத்தில் பலன் மிகுதி என்று இயேசு சொன்ன அதே மலைப்பிரசங்கத்தில்தான், நீதியின்மேல் பசிதாகம் உள்ளவர்கள் பாக்கியவான்கள் என்றும் சொன்னார். அந்தப் பசியை அடக்குவதற்கு அவருடைய வார்த்தையையே எடுப்பது சரியில்லை.

உங்கள் ஊரிலும் அப்படி ஒரு தாய் இருப்பார். இந்த ஞாயிறு ஆராதனை முடிய அவர் வீட்டுக்குப் போங்கள். வசனம் ஒன்றும் சொல்லவேண்டாம். பிள்ளையின் பெயரைக் கேளுங்கள், படத்தைக் காட்டினால் வாங்கிப் பாருங்கள், தேத்தண்ணி தந்தால் குடித்துவிட்டு வாருங்கள்.

நன்றி, வணக்கம்.