லாயமா, சூளையா?

நடுவர் அவர்களே, "தமிழ் மண்ணில் குதிரைக்கு வாழ்வு தந்தது அரசனின் லாயமா, வேளாரின் சூளையா?" என்பது தலைப்பு. வேளார் என்றால் மண் வனையும் குயவர்; நான் பேசுவது அவர்கள் சூளைக்காக. லாயம்தான் என்று முழங்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறார் எதிரணித் தலைவர். பட்டினப்பாலையின் 'நீரின் வந்த நிமிர்பரிப் புரவி'யைக் காட்டினார். அருமையான வரி, நானும் கைதட்டினேன். ஆனால் ஐயா, 'நீரின் வந்த' என்கிறாரே புலவர், கவனித்தீர்களா? கப்பலில் வந்து இறங்கிய சரக்கு அது!

சரி, வந்த குதிரை வாழ்ந்ததா? 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டைப் பற்றி மார்க்கோ போலோ சொல்கிறார்: மன்னர் ஆண்டுக்கு 2,000 குதிரைக்கு மேல் வாங்குகிறார், வருட முடிவில் 100 கூட மிஞ்சுவதில்லை. லாடம் கட்ட ஆளில்லை, பக்குவம் தெரிந்தவர் இல்லை. சோற்றையும் கறியையும் வேகவைத்துப் போட்டார்களாம், குதிரைக்கு! பயணி கணக்கைக் கொஞ்சம் கூட்டியிருக்கலாம். பாதியைத் தள்ளினாலும் வயிறு கலங்குகிறது. லாடம் கட்டுகிறவர்களை வியாபாரிகளே இங்கே வரவிடவில்லை என்கிறார். குதிரை செத்தால்தானே அடுத்த கப்பலுக்குக் கிராக்கி!

மாணிக்கவாசகர் கதையும் அதுதானே? குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த பணம் திருப்பெருந்துறையில் கோயிலாகிவிட்டது. இறைவனே நரிகளைப் பரியாக்கி ஓட்டி வந்தார். இருட்டியதும் அவை மறுபடி நரியாகி, கட்டியிருந்த பழைய குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடின. சாமி கொடுத்த குதிரையே அந்த லாயத்தில் ஒரு ராத்திரி தங்கவில்லை ஐயா!

அப்புறம், செஞ்சி தேசிங்கு. 1714-இல் அவர் களத்தில் மாண்டார். அவர் குதிரையை இன்னமும் ஓடவைத்துக்கொண்டிருப்பது கோட்டையா? ஊர் ஊராகக் கதைப்பாட்டு பாடினவர்கள். அவர்கள் எங்கள் கட்சி.

இப்போது புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் வாருங்கள். புரவி எடுப்பு. ஊர் கூடிப் பிடிமண் கொடுக்கிறது. வேளார் அதை வாங்கி, மண் பிசைந்து, கால் வேறு, உடல் வேறாக வனைந்து, சுட்டெடுக்கிறார். திருவிழா அன்று கண் திறந்து, மாலை போட்டு, ஊரே தோளில் தூக்கிக்கொண்டு அய்யனார் கோயிலுக்கு நடக்கிறது. உலகமெல்லாம் குதிரை மனிதனைச் சுமந்தது. இங்கே மனிதன் குதிரையைச் சுமக்கிறான். பிள்ளை பிறந்ததற்கு ஒன்று, மாடு பிழைத்ததற்கு ஒன்று. வாழ்நாளில் குதிரை மேல் ஏறியே பார்க்காத சம்சாரி, சாமிக்குக் குதிரை கொடுக்கிறான். பழசு கோயில் காட்டிலேயே நின்று கரையும். பக்கத்தில் புதுசு வந்து நிற்கும். கப்பலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, கண்மாய் மண்ணே போதும்.

"மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கலாமா?" என்று கேலி செய்தார் எதிரணி நண்பர். அது குதிரை இல்லை, ஆற்று மண்திட்டைக் குறிக்கும் 'குதிர்' என்று விளக்கம் சொல்லித் தப்பிக்க மாட்டேன். எங்கள் குதிரைக்கு ஆற்றில் இறங்கும் வேலையே இல்லை ஐயா. ராத்திரியில் அதில் ஏறிப் போகிறவர் அய்யனார். அவர் போவது கண்மாய்க் கரைமேல், உடைப்பு எடுத்திருக்கிறதா என்று பார்க்க.