சத்தம் போடும் வண்டும் அதன் சொந்தங்களும்

நேயர்களுக்கு வணக்கம். இரவு நேரத்தில் உங்கள் புளோக்கின் வெற்றுத்தளத்தில், விளக்குக்கு அடியில், ஒல்லியாக நீண்ட பழுப்பு நிற வண்டு ஒன்று மல்லாந்து கிடந்தால் உடனே புரட்டி விட்டுவிடாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள். ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். வண்டு தரையை விட்டு எழும்பியிருக்கும். அதுதான் கிளிக் வண்டு. எலாடெரிடே என்பது அதன் குடும்பப் பெயர். உலகம் முழுவதும் இந்தக் குடும்பத்தில் ஏறத்தாழ 10,000 இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அது காலால் குதிப்பதில்லை. உடம்பு நீளம், கால்கள் குட்டை. மல்லாந்து விழுந்தால் கால் தரையில் எட்டாது. ஆனால் முன்மார்பின் அடிப்பக்கத்தில் பின்னோக்கி நீளும் ஒரு முளை இருக்கிறது. அதற்கு அடுத்த உடல் பகுதியில் அந்த முளை போய் உட்காரச் சரியாக ஒரு குழி. வண்டு முதுகை வளைக்கும்போது முளை குழியின் விளிம்பில் மாட்டிக்கொள்ளும். உள்ளே தசை இழுத்துக்கொண்டே இருக்கும். பிடி நழுவியதும், சேர்த்து வைத்த விசை முழுவதும் ஒரே வீச்சில் வெளிப்படும். நாம் விரலில் சொடக்குப் போடுவதும் இதே உராய்வு வித்தைதான். 1970களில் எவன்ஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் ஓர் இனத்தை எடுத்து இதை அளந்தார். ஒரு மில்லி விநாடிகூட ஆகாத நேரத்தில், புவியீர்ப்பைப் போல் 380 மடங்கு சராசரி முடுக்கம்! 30 சென்டிமீட்டர் உயரம் வரை எழும்பக்கூடியது. விழும்போது கால் கீழே இருக்கும் என்று சொல்ல முடியாது. இல்லையென்றால் மறுபடி ஒரு ‘டிக்’.

சரி, இவ்வளவு அழகான அடையாளம் இருக்கிறதே, இதை வைத்தே குடும்பத்தைப் பிரித்துவிடலாமே என்று தோன்றும். எனக்கு இந்த வண்டுகள் மீது இவ்வளவு ஆர்வம் வந்ததற்குக் காரணமே அப்படிப் பிரிக்க முடியாது என்பதுதான்.

ஸ்வீடன் நாட்டு இயற்கை ஆய்வாளர் லின்னேயஸ் 1758இல் எலாடெர் என்ற பேரினத்தை வகுத்தார். அப்புறம் பெல்ஜியத்தைச் சேர்ந்த மருத்துவர் கான்டெஸ், 1857 முதல் 1863 வரை, அன்று தெரிந்த கிளிக் வண்டுகளையெல்லாம் நான்கு தொகுதிகளில் விவரித்தார். அவர்களுக்குக் கிடைத்த சான்று உடலமைப்பு மட்டுமே. உணர்கொம்பு எப்படி, மார்புத் தகட்டின் பின்மூலைகள் எவ்வளவு கூர்மை, இறக்கை உறைகளுக்கு நடுவிலுள்ள சின்ன முக்கோணம் இதய வடிவமா என்று பார்த்துப் பார்த்துப் பிரித்தார்கள். அந்த உழைப்பின் மேல்தான் இன்றைய வகைப்பாடு நிற்கிறது.

மரபணுவைப் படிக்கத் தொடங்கியதும் சில விஷயங்கள் தலைகீழாயின. ட்ரிலஸ் என்று ஒரு வண்டு. அதன் பெண்ணுக்கு இறக்கை கிடையாது, பார்த்தால் புழு மாதிரியே இருக்கும். குஞ்சுப் பருவத்தில் நத்தையைத் தின்று வளரும். உடம்பு மென்மை, கிளிக் என்ற பேச்சே இல்லை. நீண்ட காலமாக இதைத் தனிக் குடும்பமாக வைத்திருந்தார்கள். 2011இல் வெளிவந்த மரபணு ஆய்வு, இது கிளிக் வண்டுக் குடும்பத்துக்குள்ளேயே கிளைத்தது என்று காட்டியது. மறுபக்கம், யூக்னெமிடே என்ற வேறொரு குடும்பத்தில் பல வண்டுகள் ‘டிக்’ என்று சத்தமிட்டுத் துள்ளுகின்றன. அவை இந்தக் குடும்பத்தில் சேர்த்தி இல்லை. உள்ளே எத்தனை துணைக்குடும்பங்கள் என்பதில் இன்றும் ஆய்வாளருக்கு ஆய்வாளர் கணக்கு மாறுகிறது. இது குழப்பமாகத் தெரியலாம். என் பார்வையில், துறை உயிரோடு இருக்கிறது என்பதற்கு இதுவே சாட்சி.

இன்னொரு சொந்தம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மின்மினிப் பூச்சியும் கிளிக் வண்டும் ஒரே பெருங்குடும்பம், அதாவது பல குடும்பங்கள் சேர்ந்த ஒரு தொகுதி. நம் சிங்கப்பூரின் நீ சூன் சதுப்புக் காட்டில் வாழும் மின்மினி ஒன்றுக்கு 2021இல் லூசியோலா சிங்கப்பூரா என்று நாட்டின் பெயரையே வைத்தார்கள். கிளிக் வண்டுகளிலும் ஒளிவிடுபவை உண்டு. அமெரிக்க வெப்பமண்டலத்தில் பைரோபோரஸ் என்பது மார்பின் இரு பக்கமும் பச்சை விளக்கு ஏந்திப் பறக்கும். ஆனால் அந்த ஒளி மின்மினியிடமிருந்து வந்த பரம்பரைச் சொத்து இல்லை, இரண்டும் தனித்தனியே ஒளியை அடைந்தன என்று 2018இல் வெளியான மரபணுத்தொகுதி ஆய்வு சொல்கிறது. அடுத்த ஆண்டே சீனாவின் யூனானிலிருந்து ஒளிரும் கிளிக் வண்டு ஒன்று விவரிக்கப்பட்டது. அதற்காகப் புதிய துணைக்குடும்பமே அமைக்க வேண்டியிருந்தது.

ஆசியாவில் இப்படிப்பட்ட ஒன்று இவ்வளவு காலம் கண்ணில் படாமல் இருந்திருக்கிறது என்றால், நம் காடுகளையும் நாம் அலட்சியமாகப் பார்க்கக் கூடாது. 1854இல் பிரிட்டிஷ் இயற்கை ஆய்வாளர் வாலஸ் இங்கே வந்தபோது, பெரும்பாலும் புக்கிட் தீமாவில், இரண்டே மாதத்தில் சுமார் 700 வண்டினங்களைச் சேர்த்தார். மரம் வெட்டிய இடங்களில் கிடந்த பட்டையும் மரத்தூளும் அவருக்குப் பெரிய உதவி. கிளிக் வண்டுகளில் பலவற்றின் குஞ்சுகளும் மட்கும் மரத்திலும் மண்ணிலும்தான் வருடக்கணக்கில் வளர்கின்றன. அதனால் பூங்காவில் கிடக்கும் பழைய மரத்துண்டைக் குப்பை என்று நினைக்காதீர்கள்.

இயற்கை வனப்பகுதிகளில் அனுமதியில்லாமல் பூச்சி பிடிக்கக் கூடாது, படம் எடுக்கலாம். முதுகை மட்டும் எடுத்தால் போதாது. கொம்பும் மார்பின் பின்மூலைகளும் தெளிவாகத் தெரியட்டும். மல்லாந்து கிடக்கிறதென்றால், அது துள்ளுவதற்குள் அடிப்பக்கத்தையும் ஒரு படம் எடுத்துவிடுங்கள். இனம் கண்டுபிடிப்பவருக்கு அந்தப் படம்தான் மிகவும் உதவும். நன்றி, வணக்கம்.